போக்கிமான் ஸ்கார்லெட்: ஆளைப் பார்க்காதீர்கள், அபிலிட்டியைப் பாருங்கள்

2022 நவம்பரில் வெளியான விளையாட்டுக்கு இப்போது எதற்கு விமர்சனம் என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு இது விளங்கும். இங்கே விளையாட்டுகள் வெளியான திகதியில் வருவதில்லை, ஆட்களோடு வருகின்றன. நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் வரும் மாமாமாரின் பைகளில் சொக்கலேட்டுக்கும் சென்ட் போத்தலுக்கும் நடுவில் ஒரு பழைய நின்டெண்டோ சுவிட்ச் வரும், கூடவே அவர்களின் பிள்ளைகள் விளையாடி முடித்துக் கைவிட்ட காட்ரிட்ஜ்களும் வரும். அப்படித்தான் போக்கிமான் ஸ்கார்லெட் எங்கள் கொக்குவில் பக்கத்துப் பெடியளிடம் பரவியது, இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது. புதிதாகக் கையில் எடுக்கும் ஒவ்வொரு தம்பியும் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, ஆகப் பலமான போக்கிமான் எது, எங்கே பிடிக்கலாம்?" கேள்வியே பிழை என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. போக்கிமான் என்பது பிடித்து, வளர்த்து, முறை வைத்துச் சண்டைக்கு விடுகிற கற்பனைப் பிராணி. ஒவ்வொரு போக்கிமானுக்கும் நீர், நெருப்பு என்று வகை உண்டு, தாக்குதல், வேகம் என்று பலத்தைக் காட்டும் ஆறு எண், அதாவது ஸ்டாட் உண்டு, சண்டையில் பாவிக்கிற நான்கு மூவ் உண்டு. இவற்றைத் தவிர அபிலிட்டி என்று ஒன்று இருக்கிறது. அதற்கு நீங்கள் எந்தப் பட்டனையும் அழுத்தத் தேவையில்லை, ஆள் களத்தில் இறங்கினாலே அது தன்பாட்டில் வேலை செய்யும். 2002இல் வந்த ரூபி, சஃபையர் விளையாட்டுகளில்தான் இது முதலில் வந்தது, 2010இல் பிளாக், வைட் வந்தபோது ஹிடன் அபிலிட்டி என்று மூன்றாவது ஒன்றும் சேர்ந்தது. ஆகவே ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு போக்கிமான்கள், ஒரே லெவல், ஒரே மூவ், ஆனால் அபிலிட்டி வேறு என்றால் அவை இரண்டும் வேறு வேறு ஆட்கள். காட்டில் எதிர்ப்பட்டதைப் பந்து எறிந்து பிடித்துவிட்டு, ஸ்டாட் பெரிதாக இருக்கிறது என்று சந்தோஷப்படுகிற பெடியளுக்கு இது பிந்தித்தான் உறைக்கிறது.

ஸ்லாக்கிங்கை எடுங்கள். ஆறு ஸ்டாட்டையும் கூட்டினால் 670. ஸ்கார்லெட்டின் அட்டையில் நிற்கிற கொராய்டனுக்கும் அதே 670தான். தாக்குதல் மட்டும் 160. காகிதத்தில் பார்த்தால் இதை வைத்து ஊரையே அடிக்கலாம். ஆனால் அதன் அபிலிட்டி ட்ரூவன்ட், அதாவது ஒரு முறை அடித்தால் அடுத்த முறை படுத்துக்கிடக்கும். எதிரே இருப்பவர் நீங்கள் படுக்கும் முறையில் தன் ஆளைப் பலப்படுத்திக்கொள்வார், நீங்கள் எழும்பும் முறையில் புரொடெக்ட் என்ற தடுப்பு மூவைப் போட்டுத் தப்புவார். முடிந்தது கதை.

இப்போது மறுபக்கம் அசுமரில். உருண்டையான நீல முயல், தாக்குதல் வெறும் 50, பார்த்தால் சிரிப்பு வரும். இதற்கு மூன்று அபிலிட்டிகள்: திக் ஃபாட், ஹியூஜ் பவர், ஹிடனாக சாப் சிப்பர். ஹியூஜ் பவர் இருந்தால் தாக்குதல் அப்படியே இரண்டு மடங்கு. கணக்கை நானே போட்டுப் பார்த்தேன்: லெவல் 50இல், தாக்குதலுக்கு முழுப் பயிற்சியும் கொடுத்து, குணத்தால் கூடாமல் குறையாமல் விட்டால், ஸ்லாக்கிங்குக்கு 212 வரும், அசுமரிலுக்கு 102 வரும். ஹியூஜ் பவர் அந்த 102ஐ 204 ஆக்கிவிடும். 670 புள்ளி ராட்சதனுக்கும் இந்த முயலுக்கும் வித்தியாசம் 8. முயல் ஒவ்வொரு முறையும் அடிக்கும், படுக்காது. திக் ஃபாட் என்ன செய்யும் என்றால் நெருப்பு, பனித் தாக்குதல்களைப் பாதியாக்கும். ஆனால் அசுமரில் நீர் வகை என்பதால் அந்த இரண்டையும் ஏற்கெனவே பாதியாகத்தான் வாங்குகிறது. இருக்கிற குடைக்கு மேல் இன்னொரு குடை. ஹியூஜ் பவர் இருக்கிற அசுமரிலை, தாக்குதலை உச்சத்துக்கு ஏற்றும் பெலி ட்ரம் போடவிட்டு ப்ளே ரஃப் அடித்தால், நாலு பேர் சேர்ந்து ஒரு பெரிய எதிரியை அடிக்கிற டெரா ரெய்டுகளே சரியும். 2022 டிசம்பரில் ரெய்டில் வந்த, டிராகன் வகைக்கு மாறிய சாரிசார்டை உலகம் முழுக்க இந்த முயலைக் கொண்டுதான் கும்பல் கும்பலாக அடித்தார்கள்.

விளையாட்டின் மீது எனக்குள்ள முதல் குறை இங்கேதான் வருகிறது, அதுவும் சின்னக் குறை இல்லை. இதில் ஒன்றையும் விளையாட்டு உங்களுக்குச் சொல்லாது. நீங்கள் பிடித்த அசுமரிலின் அபிலிட்டி என்ன என்று காட்டும், ஆனால் அந்த இனத்துக்கு வேறு என்ன அபிலிட்டிகள் உண்டு என்று போக்கிடெக்ஸில், அதாவது விளையாட்டுக்குள் இருக்கிற போக்கிமான் அகராதியில், தேடினால் இல்லை. விளக்கமும் ஒரு வரிதான். "வேகம் கூடும்" என்று எழுதியிருக்கும், எவ்வளவு கூடும் என்று எழுதமாட்டார்கள். ஒன்றரை மடங்கா இரண்டு மடங்கா என்பதில்தானே வெற்றி தோல்வி இருக்கிறது? இருபது வருடத்துக்கு மேல் ஓடுகிற ஒரு முறைமைக்கு இன்றைக்கும் ஃபோனில் வேறு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் விளையாட வேண்டியிருக்கிறது. தமிழில் இல்லை என்பது தெரிந்த விஷயம், ஆங்கிலம் நன்றாக வாசிக்கிறவருக்கே தகவல் கிடைக்காது என்பதுதான் கவலை.

சரி, எதைத் தேர்வு செய்வது? எனக்கு ஒரே ஒரு சோதனை போதும்: இந்த அபிலிட்டி என் எதிராளியின் கையைக் கட்டுகிறதா, இல்லை நான் முதலில் ஏதாவது செய்து கொடுத்தால்தான் வேலை செய்யுமா? கார்சொம்ப் நல்ல உதாரணம். சாதாரணமாகப் பிடித்தால் சாண்ட் வெயில் வரும். மணற்புயல் அடிக்கும்போது எதிரியின் குறி கொஞ்சம் தப்பும். மணற்புயல் இல்லையென்றால் அது வெறும் எழுத்து. ஹிடன் அபிலிட்டி ரஃப் ஸ்கின். யார் அதைத் தொட்டு அடித்தாலும் அவர்களின் முழு எச்.பி.யில், அதாவது உயிர்ப் புள்ளிகளில், எட்டில் ஒரு பங்கு போகும், பல தடவை அடிக்கும் மூவ் என்றால் ஒவ்வொரு அடிக்கும் போகும். கையில் ராக்கி ஹெல்மெட்டையும் கொடுத்துவிட்டால் ஆறில் ஒரு பங்கு சேர்ந்து போகும், ஒரு அடிக்கு மொத்தம் கால்வாசிக்கும் மேல். எதிராளி அடிப்பதா விடுவதா என்று ஒருக்கா யோசிப்பார். அந்த யோசனைதான் உங்களுக்கு வேண்டியது.

டிராகனைட் விஷயம் இதைவிடச் சுவாரசியம், ஏனென்றால் இங்கே விடை ஒன்றல்ல. இணையத்தில் எங்கே பார்த்தாலும் மல்டிஸ்கேல்தான் என்பார்கள். முழு எச்.பி.யோடு நிற்கும்போது வாங்கும் அடி பாதியாகும், ஆக ஒரு முறை நிம்மதியாக, தாக்குதலையும் வேகத்தையும் கூட்டும் டிராகன் டான்ஸ் ஆடலாம். ஒருவருக்கு ஒருவர் ஆட்டத்தில் சரிதான், அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே வருகிறவரைக் குத்தும் கற்களான ஸ்டெல்த் ராக்கை எதிராளி போட்டிருந்தால் டிராகனைட் உள்ளே வரும்போதே கால்வாசி எச்.பி. போய்விடும், மல்டிஸ்கேலும் அதோடு போய்விடும். அதனால் அந்தக் கற்கள் குத்தாமல் காக்கும் ஹெவி டியூட்டி பூட்ஸைப் போட்டு அனுப்புவார்கள். ஆனால் இரண்டுக்கு இரண்டு ஆட்டத்துக்குப் போனால், எல்லாரும் குப்பை என்று தள்ளிவிடுகிற இன்னர் ஃபோகஸ் திடீரென்று பெறுமதியாகிறது. எதிரியைத் திடுக்கிட வைத்து அந்த முறையைப் பறிக்கும் ஃபேக் அவுட் அடித்தால் டிராகனைட் திடுக்கிட்டு நிற்காது, தாக்குதலைக் குறைக்கும் இன்டிமிடேட் அபிலிட்டிக்கும் மசியாது. 2019இல் வந்த சுவோர்ட், ஷீல்ட் முதல்தான் இன்னர் ஃபோகஸ் இன்டிமிடேட்டைத் தடுக்கத் தொடங்கியது. அதற்கு முந்திய குறிப்புகளை வாசித்துவிட்டு வருகிறவர்களுக்கு இது தெரியாது.

இன்டிமிடேட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசத்தான் வேண்டும். உள்ளே வந்த உடனே எதிரியின் தாக்குதல் மூன்றில் இரண்டாகக் குறையும். ஒருவருக்கு ஒருவர் ஆட்டத்தில் ஒரு ஆளுக்குத்தான் குறையும், எதிராளி அவரை மாற்றி இன்னொருவரை அனுப்பினால் குறைந்ததும் அழிந்துவிடும். இரண்டுக்கு இரண்டில் எதிரே நிற்கிற இருவருக்கும் ஒரே நேரத்தில் குறையும். நீங்கள் அவரை வெளியே எடுத்துத் திரும்ப இறக்கினால் மறுபடியும் குறையும். பெரிய அதிகாரபூர்வப் போட்டிகள் இரண்டுக்கு இரண்டுதான், ஆறு பேரைக் கொண்டுபோய் நான்கு பேரை இறக்கவேண்டும். அங்கே இன்சினரோர் இல்லாத அணியைத் தேடவேண்டும் என்ற அளவுக்கு அது பிரபலமானதற்குப் பெரிய காரணம் இந்த ஹிடன் அபிலிட்டிதான். சாதாரண இன்சினரோருக்கு வருவது பிளேஸ், அதாவது தான் சாகப்போகும் நேரத்தில் நெருப்பு கொஞ்சம் கூடும். பிளேஸோடு இருக்கும் இன்சினரோரைப் போட்டிக்குக் கொண்டுபோனால் எதிராளி சந்தோஷப்படுவார். ஸ்கார்லெட்டில் இந்தப் பூனை 2023 டிசம்பரில் வந்த இண்டிகோ டிஸ்க் என்ற மேலதிகப் பகுதியோடுதான் வந்தது என்பதையும் மறக்கவேண்டாம், வெறும் காட்ரிட்ஜில் தேடிக்கொண்டு திரியாதீர்கள்.

கியாரடோஸிலும் இதே இழுபறி. இன்டிமிடேட்டா மோக்ஸியா? மோக்ஸி ஒவ்வொருவரை வீழ்த்தும்போதும் தாக்குதலைக் கூட்டிக்கொண்டே போகும், ஒருவருக்கு ஒருவர் ஆட்டத்தில் கடைசி நேரத்தில் இறக்கினால் வரிசையாகச் சுத்தம் செய்துவிட்டுப் போகலாம். இரண்டுக்கு இரண்டில் நான் கேள்வியே கேட்காமல் இன்டிமிடேட் எடுப்பேன். இங்கே ஒரு நுணுக்கம்: மாஜிகார்ப்பாகப் பிடிக்கும்போது அதில் மோக்ஸியும் தெரியாது, இன்டிமிடேட்டும் தெரியாது. சுவிஃப்ட் ஸ்விம் இருக்கிற மீன் வளர்ந்தால் இன்டிமிடேட், ஹிடனான ராட்டில்ட் இருக்கிற மீன் வளர்ந்தால் மோக்ஸி. அபிலிட்டி இருக்கிற இடம்தான் பரிணாமத்தில் மாறாமல் வரும், பெயர் மாறும். இதையும் விளையாட்டு சொல்லித்தராது.

இன்டிமிடேட் இவ்வளவு மலிந்தால் அதற்கு மருந்தும் வரும்தானே. கிங்கம்பிட்டின் டிஃபயன்ட் அப்படிப்பட்டது. யாராவது அதன் ஸ்டாட்டைக் குறைத்தால் கோபத்தில் தாக்குதல் இரண்டு படி கூடும். இன்டிமிடேட் ஒரு படி குறைக்க, இது இரண்டு படி கூட்ட, கணக்கில் ஒரு படி லாபம், அதுவும் தாக்குதல் 135 இருக்கிற ஆளுக்கு. எதிராளி இன்சினரோரை இறக்கும் முன்னால் உங்கள் ஆறு பேரின் பட்டியலைப் பார்க்கிறார், கிங்கம்பிட் இருப்பதைக் காண்கிறார், கை தயங்குகிறது. ஆனால் அபிலிட்டியையும் முன்கூட்டியே காட்டவேண்டிய பெரிய போட்டிகளைத் தவிர மற்ற ஆட்டங்களில் அவருக்கு உங்கள் கிங்கம்பிட்டின் அபிலிட்டி டிஃபயன்டா, வீழ்ந்த ஒவ்வொரு தோழனுக்கும் பத்து வீதம் பலம் ஏறுகிற சுப்ரீம் ஓவர்லோர்டா என்று தெரியாது. எனக்கு இந்த விளையாட்டில் ஆகப் பிடித்த இடம் இதுதான், இன்னும் ஒரு மூவ்கூட அடிக்கவில்லை, பட்டியலைப் பார்த்தே இரண்டு பேரும் மண்டையைப் போட்டு உடைக்கிறோம். ஒருவருக்கு ஒருவர் ஆட்டத்தில் நான் சுப்ரீம் ஓவர்லோர்ட் பக்கம், கடைசி ஆளாக இறக்குவதற்காகவே வைத்திருப்பேன். எங்கள் கூட்டத்தில் இதற்கு உடன்படாத ஒரு மச்சான் இருக்கிறான், அவனோடு கதைத்து வெல்லமுடியாது.

காலநிலை அபிலிட்டிகள் தனி உலகம். டோர்க்கோல் என்று ஒரு ஆமை, உள்ளே வந்தால் வெயிலைக் கொண்டுவரும், ஐந்து முறைக்கு நீடிக்கும், ஹீட் ராக் கையில் இருந்தால் எட்டு. வேகம் 20தான். எல்லாரும் இந்த வேகத்தைக் குறை என்று நினைப்பார்கள், ஆனால் விஷயமே அதில்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் காலநிலை ஆட்கள் இறங்கினால் வேகமானவரின் அபிலிட்டி முதலில் ஓடும், மெதுவானவரின் அபிலிட்டி பிறகு ஓடி அதை அழித்துவிடும். எதிரே பெலிப்பர் மழையோடு வந்தால் அதன் வேகம் 65, மழை வந்து ஒரு வினாடியில் வெயில் அதைத் தின்றுவிடும். பக்கத்தில் குளோரோஃபில் இருக்கிற லில்லிகன்ட்டை நிறுத்தினால் வெயிலில் அதன் வேகம் இரண்டு மடங்காகும், அது ஆஃப்டர் யூ போட்டு ஆமையை உடனே அடிக்க விடும், ஆமை முழு எச்.பி.யில் நின்று எரப்ஷன் அடித்தால் அதன் பலம் 150, எதிரே இருக்கிற இருவருக்கும் சேர்த்து. பங்குனி சித்திரையில் யாழ்ப்பாணத்து வெளி வெயிலில் சைக்கிள் ஓடியவர்களுக்கு இந்த அணியில் ஒரு தனிப் பிரியம் வரும் என்று நினைக்கிறேன், எனக்கு வந்தது.

ஆனால் காட்டில் பிடிக்கிற டோர்க்கோல் எல்லாம் வெயிலோடு வராது. பாதிக்கு வைட் ஸ்மோக் இருக்கும், இந்த அணியில் அது ஒன்றுக்கும் உதவாது. இங்கேதான் அபிலிட்டி கேப்சூல் வருகிறது. 2013இல் எக்ஸ், வை விளையாட்டுகளோடு வந்த பொருள் இது, இரண்டு சாதாரண அபிலிட்டிகளுக்கிடையே மாற்றும், ஹிடனுக்கு மாற்றாது. ஸ்கார்லெட்டில் சான்சி சப்ளை கடையில் விலை 100,000, ரூபாய் இல்லை, விளையாட்டுக் காசு, என்றாலும் கதையை முடிக்காத ஒருவருக்குக் கொழுத்த தொகை. டோர்க்கோலுக்கு இதைச் செலவழிக்காதீர்கள், இன்னும் நாலைந்தைப் பிடித்தால் சரியானது தானே வரும். அரிதாகக் கிடைத்த ஆளுக்கு, பளபளக்கும் நிறத்தில் வந்த ஆளுக்கு, செலவழியுங்கள்.

ஹிடனுக்கு மாற்ற வேண்டுமென்றால் அபிலிட்டி பேட்ச் வேண்டும், அது கடையில் இல்லை, ஆறு நட்சத்திர டெரா ரெய்டுகளில் அதிர்ஷ்டம் இருந்தால் விழும். அந்த ரெய்டுகள் திறக்கவே கதையை முழுக்க முடித்து, பள்ளிக்கூடப் போட்டியை வென்று, உயர் நட்சத்திர ரெய்டுகளைத் தொடர்ந்து அடிக்கவேண்டும். ஆக, புதிய ஆள் ஒருவர் தனக்குப் பிடித்த போக்கிமானுக்கு பேட்சால் ஹிடன் அபிலிட்டி கொடுக்க நினைத்தால் முதலில் முழு விளையாட்டையும் அது இல்லாமல் முடிக்கவேண்டும் என்கிறது விளையாட்டு. இது அநியாயம். இந்தத் தலைமுறையில் ஒரு நல்ல திருத்தம் செய்தார்கள், ஹிடன் இருக்கிற ஆளுக்குத் திரும்ப ஒரு பேட்ச் போட்டால் சாதாரண அபிலிட்டிக்கே மாறும், முந்தி அந்த வழி இல்லை. அதற்கு நன்றி சொல்லலாம்.

காசும் அதிர்ஷ்டமும் இல்லாதவர்களுக்கு முட்டை வழி இருக்கிறது, நான் பெடியளுக்குச் சொல்வதும் அதைத்தான். ஹிடன் அபிலிட்டி இருக்கிற தாய்க்குப் பிறக்கும் குஞ்சுக்கு அது 60 வீதம் வரும், துணை டிட்டோ, அதாவது அநேகமாக எதனோடும் சோடி சேருகிற போக்கிமான், என்றால் தந்தையாக இருந்தாலும் வரும். யாராவது ஒருவரிடம் ஒரு மோக்ஸி கியாரடோஸ் இருந்தால் போதும், ஒழுங்கை முழுக்க மோக்ஸி கியாரடோஸ் ஓடும். பிக்னிக் மேசையைப் போட்டு, சாண்ட்விச் செய்து, கூடையில் முட்டை விழக் காத்திருக்கவேண்டும். பாணும் சம்பலும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த சாண்ட்விச் செய்கிற பகுதி சரியான அலுப்பு, அடுக்கி வைத்த வாழைப்பழம் உருண்டு விழுந்துகொண்டே இருக்கும். முட்டை பொரிக்க நடக்கும்போது ஃபிளேம் பாடி இருக்கிற ஒரு ஆளை அணியில் வையுங்கள், நடை பாதியாகக் குறையும். போரில் ஃபிளேம் பாடியை யாரும் கொண்டாடுவதில்லை, பிக்னிக்கில் அதைவிடப் பெறுமதியான அபிலிட்டி கிடையாது.

காசு சேர்க்க வேண்டுமென்றால் கோல்டெங்கோ. தங்கத்தில் செய்த ஒரு ஆள், 999 நாணயம் பொறுக்கிச் சேர்த்தால்தான் வரும், அந்த வேலை ஒரு தவம். மேக் இட் ரெயின் என்ற மூவை அடிக்க அடிக்கக் காசு கொட்டும், அமுலெட் காயினைக் கையில் கொடுத்தால் வருமானம் இரட்டிக்கும், கேப்சூல் விலை பிறகு பெரிதாகத் தெரியாது. ஆனால் கோல்டெங்கோவை நான் சொல்ல வந்தது அதற்காக இல்லை. அதன் அபிலிட்டி, குட் அஸ் கோல்ட், இந்தத் தலைமுறையில் வந்ததிலேயே ஆகத் துணிச்சலான வடிவமைப்பு. நேரடியாக அடிக்காத எந்த மூவும் அதன்மேல் பலிக்காது. அப்படிப்பட்ட மூவ்களால் தூங்கவைக்க முடியாது, எரிக்க முடியாது, நஞ்சூட்ட முடியாது. அதோடு நிற்கவில்லை. நீங்கள் எதிரியின் பக்கம் ஸ்டெல்த் ராக் போட்டுவிட்டுக் கோல்டெங்கோவை நிறுத்தினால் அவர் டிஃபாக் போட்டு அதை அகற்றமுடியாது, ஏனென்றால் டிஃபாக் இதைக் குறிவைக்கிற மூவ், பலிக்காது. கற்களை அகற்றும் இன்னொரு மூவான ராப்பிட் ஸ்பின்னும் ஆவி வகையான இதன்மேல் ஓடாது. ஆக, ஒரு அபிலிட்டி தன் ஆளை மட்டுமல்ல, நீங்கள் போட்டுவைத்த கற்களையும் காவல் காக்கிறது. வேறு ஹிடன் ஒன்றும் இல்லை, தேடவும் வேண்டாம், கோல்டெங்கோ வந்தாலே இது இருக்கும். எதிராளியின் கையைக் கட்டுவது என்று நான் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

பலாஃபினும் அப்படித்தான், தேர்வு இல்லை, ஒரே அபிலிட்டி. முதலில் இறங்கும்போது தாக்குதல் 70 இருக்கிற சாதாரண டால்ஃபின், ஃபிலிப் டேர்ன் அடித்துவிட்டு வெளியே போய்த் திரும்ப வந்தால் 160. பிரச்சினை என்னவென்றால் ஃபினிசன் லெவல் 38க்குப் பிறகு பலாஃபினாக மாற இன்னொருவரோடு யூனியன் சர்க்கிள் என்ற கூட்டு ஆட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். தனியாக விளையாடுகிற பிள்ளைக்கு இது கொடுமை. பக்கத்து வீட்டில் இன்னொரு சுவிட்ச் இருந்தால் இணையம் இல்லாமலே உள்ளூர் இணைப்பில் சேரலாம், கரண்ட் போன இரவுகளில்கூடப் பட்டரி இருக்கும்வரை சேரலாம்.

ஒரு எச்சரிக்கை, யூட்யூபில் பழைய வீடியோக்களைப் பார்த்து அபிலிட்டி தெரிவு செய்யாதீர்கள், இவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் விதிகளை மாற்றுகிறார்கள். கெங்காருக்கு லெவிடேட் இருந்தது, நிலத் தாக்குதல் படாது. 2016இல் வந்த சன், மூன் முதல் அதைப் பிடுங்கி கர்ஸ்ட் பாடியைக் கொடுத்துவிட்டார்கள், பழைய ஞாபகத்தில் எர்த்க்வேக்குக்கு எதிரே நிறுத்தினால் ஒரே அடியில் போய்விடும். மியாஸ்கராடாவுக்கு ஹிடனாக வருகிற புரோட்டியன் முந்தி ஒவ்வொரு மூவுக்கும் வகையை மாற்றும், இப்போது ஒருக்கா உள்ளே வந்தால் ஒரு தடவைதான். அதற்காக அது மோசமாகிவிடவில்லை, ஆனால் பழைய புகழை நம்பி பேட்ச் செலவழிக்க வேண்டாம். இன்னொன்று, லெஜண்ட்ஸ் வரிசையில் வந்த ஆர்சியஸிலும் 2025இல் வந்த இசட்-ஏயிலும் அபிலிட்டி என்பதே கிடையாது. இசட்-ஏயில் மூவ்கள் ஓடியோடி அடிக்கிற மாதிரி, பார்க்க வடிவாக இருக்கும், எனக்கு உப்பில்லாத கறி.

விளையாட்டின் மற்றப் பக்கங்களைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. கதை பரவாயில்லை, கடைசிப் பகுதி உண்மையில் நல்லது. படம் தள்ளாடும், தூரத்தில் நடக்கிற ஆட்கள் பொம்மலாட்டம் மாதிரி வெட்டி வெட்டி நடப்பார்கள். வெளிவந்த அடுத்த மாதமே நிறுவனம் செயல்திறன் குறைகளை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது, பழைய சுவிட்சில் அது முழுக்கத் தீரவில்லை. சுவிட்ச் 2 வைத்திருப்பவர்களுக்கு 2025இல் இலவசமாக வந்த அப்டேட்டில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. மாமாவிடம் கேட்கிறதென்றால் அதைக் கேளுங்கள், கிடைக்குமா என்பது மாமாவைப் பொறுத்தது.

வாங்குகிறவர்களுக்கு யாழ்ப்பாணத்துக்கென்று சில விஷயங்கள். சுவிட்ச் காட்ரிட்ஜ் எந்த நாட்டில் வாங்கினாலும் எந்த நாட்டுச் சுவிட்சிலும் ஓடும். ஆனால் இன்சினரோர் இருக்கிற அந்த மேலதிகப் பகுதியை வாங்கும்போது காட்ரிட்ஜின் பிராந்தியமும் கணக்கின் பிராந்தியமும் பொருந்தவேண்டும். கனடா மாமா கொண்டுவந்த காட்ரிட்ஜுக்கு அமெரிக்கப் பக்கத்துக் கணக்கு, லண்டன் சித்தப்பா கொண்டுவந்ததற்கு ஐரோப்பியப் பக்கத்துக் கணக்கு. இலங்கைக்கென்று தனி ஈ-ஷாப் இல்லை என்பதால் யாராவது ஒருவரின் கார்டைக் கேட்டுத்தான் வாங்குவீர்கள், வாங்குமுன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஸ்கார்லெட்டுக்கு வாங்கியது வயலட்டில் ஓடாது, அதுவும் தனித்தனி. சுவிட்ச்சே இல்லாதவர்கள் போக்கிமான் ஷோடவுன் என்ற இணையதளத்தில் இலவசமாக எல்லா அபிலிட்டியையும் மாற்றி மாற்றி ஆடிப் பார்க்கலாம், பிரவுசர் போதும், பழைய ஃபோனிலும் ஓடும். சுவிட்ச் இருப்பவர்களும் 100,000 காசைச் செலவழிக்க முன் அங்கே ஒரு மாலை ஆடிப் பார்ப்பது நல்லது.

கடைசியாக, ஸ்கார்லெட்டா வயலட்டா என்று கேட்பவர்களுக்கு. அநேகமானவர்கள் அட்டைப் படத்தைப் பார்த்து எடுக்கிறார்கள், நான் அபிலிட்டியைப் பார்த்துத்தான் சொல்வேன். ஸ்கார்லெட்டின் பழங்காலப் போக்கிமான்களுக்கு புரோட்டோசிந்தசிஸ், வெயில் அடித்தால் ஆகக் கூடிய ஸ்டாட் 30 வீதம் ஏறும், அது வேகம் என்றால் 50 வீதம். வயலட்டின் எதிர்கால இயந்திரங்களுக்கு குவார்க் டிரைவ், அதே கணக்கு, ஆனால் வெயிலுக்குப் பதில் மின்தளம், அதாவது களத்தின் தரையில் பரவும் மின்சாரம், வேண்டும். பூஸ்டர் எனர்ஜி என்ற பொருளைக் கொடுத்தும் இவற்றை எழுப்பலாம், ஆனால் அது ஒரு தடவையில் தீர்ந்துவிடும், போட்டியில் ஒரே பொருளை இரண்டு பேருக்குக் கொடுக்கவும் விடமாட்டார்கள். அப்போது மற்ற ஆட்களுக்கு? ஸ்கார்லெட்காரருக்கு வெயில் கொண்டுவர அந்த ஆமை போதும், இரண்டு சாதாரண அபிலிட்டிகளில் ஒன்று. அட்டையில் நிற்கிற ஆளை விட்டால், வயலட்காரருக்கு மின்தளம் போட பின்கர்ச்சின் வேண்டும், அதற்கு எலெக்ட்ரிக் சர்ஜ் ஹிடன் அபிலிட்டி, ஆகவே பேட்சுக்கும் ரெய்டுக்கும் முட்டைக்கும் அலையவேண்டும். அயர்ன் ஹாண்ட்ஸ் வயலட்டில்தான் இருக்கிறது, ரெய்டுக்கு அதைப்போல ஆள் இல்லை என்பது உண்மைதான், அதற்காகவே வயலட் எடுத்தவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர், வீட்டில் ஒரே ஒரு காட்ரிட்ஜ் என்றால், ஸ்கார்லெட்டை எடுங்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் ஆளுக்கு ஒன்று எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள், ஃபினிசன் பிரச்சினையும் அதோடு தீரும்.